பீவர் தோல் வந்த வழி: மாண்ட்ரியால் முதல் அதபாஸ்கா வரை படகுப் போக்குவரத்து எப்படி நடந்தது?

வட அமெரிக்காவின் ஃபர் வணிகம், அதாவது மயிர்த்தோல் வணிகம் பற்றிப் பேசும்போது ‘படகுவழி’ என்றால் பலரும் ஒரே பெரிய ஆற்றைத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். மாண்ட்ரியாலில் ஏறி உட்கார்ந்து துடுப்புப் போட்டுக்கொண்டே போனால் மேற்கே தோல் கிடைக்கும் காடு வந்துவிடும் என்பதுபோல. அப்படி ஒரு ஆறு கிடையவே கிடையாது. கிழக்குக் கனடாவின் மாண்ட்ரியாலுக்கும் மேற்கே இன்றைய ஆல்பர்ட்டா மாகாணத்தின் வடகிழக்கில் உள்ள அதபாஸ்கா ஏரிக்கும் நடுவே 4,000 கிலோமீட்டருக்கு மேல் தூரம். அந்தத் தூரத்தில் வருபவை வெவ்வேறு திசைகளில் ஓடும் பல ஆறுகள், கடல்போன்ற இரண்டு மூன்று ஏரிகள், இவற்றுக்கு நடுவே படகையும் சரக்கையும் தோளில் தூக்கிக் கடந்த எத்தனையோ தரைப்பாதைகள்.

இந்த வழியைப் புரிந்துகொள்ள வரைபடத்தைவிட நாட்காட்டிதான் முக்கியம். வடக்கே ஆறுகளும் ஏரிகளும் உறையாமல் இருப்பது ஆண்டுக்கு ஐந்து மாதம் போல. அதற்குள் சரக்கு மேற்கே போகவேண்டும், தோல் கிழக்கே வரவேண்டும். கீழே வரும் ஒவ்வொரு ஏற்பாட்டுக்கும் இந்த நெருக்கடிதான் காரணம்.

## முதலில், எதற்காக இத்தனை பாடு?

தொப்பிக்காக. பீவர் என்பது ஆற்றில் அணை கட்டி வாழும், கொறித்துத் தின்னும் விலங்கு. அதன் தோலில் மேலே நீண்ட முரட்டு மயிரும் அடியில் அடர்ந்த மென்மயிரும் இருக்கும். அந்த மென்மயிரில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் உண்டு. அழுத்தித் தேய்த்தால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, மழையில் உருக்குலையாத கெட்டியான ஃபெல்ட் துணியாகிவிடும். ஐரோப்பாவின் கௌரவத் தொப்பிகள் இதில்தான் செய்யப்பட்டன. அங்கே பீவர் அருகிப்போனதும் வட அமெரிக்கத் தோலுக்குக் கிராக்கி வந்தது. பூர்வகுடியினர் மேலங்கியாக உடுத்திப் பழசான தோலுக்கு விலை இன்னும் அதிகம்; உடலில் உரசி முரட்டு மயிர் தானாகவே உதிர்ந்திருக்கும், தொப்பிக்காரருக்கு ஒரு வேலை மிச்சம்.

தோல் எடை குறைவு, விலை அதிகம். படகில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கொண்டுவந்தாலும் கட்டுப்படியானதற்கு அதுதான் காரணம். கோதுமையையோ மரத்தையோ இப்படிக் கொண்டுவந்திருக்க முடியாது.

## யாருடைய வழி?

பிரெஞ்சுக்காரர் ‘கண்டுபிடித்த’ வழி என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. 1615இல் சாமுவேல் தெ ஷாம்ப்ளேன் ஒட்டாவா ஆற்றில் ஏறி, மட்டாவா ஆறு, நிப்பிசிங் ஏரி, பிரெஞ்சு ஆறு வழியாக ஹியூரன் ஏரிக்குப் போனபோது, அழைத்துப் போனவர்களே அந்த மண்ணின் மக்கள்தான். அல்கோன்கின், நிப்பிசிங், வெண்டாட் மக்கள் சோளமும் மீன்வலையும் தோலும் பண்டமாற்று செய்த பழைய தடம் அது. ஒட்டாவா ஆற்றின் நடுவே ஒரு தீவில் இருந்த கிச்சிசிப்பிரினி மக்கள், கடந்து போகிறவர்களிடம் சுங்கம் வாங்கினார்கள். சுங்கம் வசூலிக்கும் அளவுக்கு அங்கே நடமாட்டம் ஏற்கெனவே இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

படகும் அவர்களுடையதே. ஐரோப்பியர் செய்தது அதைப் பெரிதாக்கியதும், எண்ணிக்கையைக் கூட்டியதும், முதல் போட்டதும்.

## பாதையின் எலும்புக்கூடு

மாண்ட்ரியால் தீவின் மேற்கே லஷீன் என்ற இடத்தில் பயணம் தொடங்கும். நகருக்கு அருகிலேயே பெரிய நீர்ச்சரிவு இருந்ததால், சரக்கை அங்கிருந்து வண்டியில் லஷீனுக்குக் கொண்டுவந்து ஏற்றினார்கள். ஒட்டாவா ஆற்றில் எதிர்நீச்சல். பிறகு மட்டாவாவில் எதிர்நீச்சல். ஒரு மேட்டைத் தாண்டினால் நிப்பிசிங் ஏரி. அங்கிருந்து பிரெஞ்சு ஆறு ஹியூரன் ஏரிக்கு இறங்கும். சூ செயின்ட் மேரியில் நீர்ச்சரிவைக் கடந்தால் சுப்பீரியர் ஏரி. அதன் வடகரையை ஒட்டியே போய் வடமேற்குக் கரையில் கிராண்ட் போர்ட்டேஜ் (போர்ட்டேஜ் என்றால் சுமந்து கடக்கும் தரைப்பாதை).

பாதி வழிகூட ஆகவில்லை. அதற்கப்பால் பிஜன் ஆறு, ரெய்னி ஏரி, லேக் ஆஃப் தி வுட்ஸ், வின்னிபெக் ஆறு, வின்னிபெக் ஏரி, சஸ்காச்சுவான் ஆறு, கம்பர்லாந்து ஹவுஸ் என்ற வணிகச் சாவடி, சர்ச்சில் ஆறு, மெத்தி போர்ட்டேஜ், கிளியர்வாட்டர் ஆறு, அதபாஸ்கா ஆறு. கடைசியில் அதபாஸ்கா ஏரிக்கரையில் 1788இல் நிறுவப்பட்ட சிப்பவையன் கோட்டை.

இந்த வரிசையில் கவனிக்க வேண்டியது நீர்பிரி மேடுகள். நீர்பிரி மேடு என்றால், இந்தப் பக்கம் விழும் மழை ஒரு கடலுக்கும் அந்தப் பக்கம் விழுவது இன்னொரு கடலுக்கும் போகும் எல்லை. கிராண்ட் போர்ட்டேஜுக்கு மேற்கே ஒரு மேட்டைத் தாண்டும்வரை தண்ணீர் அட்லாண்டிக்கை நோக்கி ஓடும். தாண்டியபின் ஹட்சன் விரிகுடாவுக்கு. மெத்தி போர்ட்டேஜைத் தாண்டினால் ஆர்க்டிக் கடலுக்கு. ஆக, எந்த ஆறும் உங்களை முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்க்காது. மேடு வரும்போதெல்லாம் இறங்கித் தூக்கித்தான் ஆகவேண்டும். அந்த முதல் மேட்டில் புதிதாக வருகிறவரின் தலையில் சீடார் கிளையால் தண்ணீர் தெளித்து உறுதிமொழி வாங்குவார்கள். இன்னொரு படகோட்டியின் மனைவியை அவள் சம்மதம் இல்லாமல் முத்தமிடக் கூடாது என்பது அதில் ஒன்று.

## படகு

கேனோ என்பது இரு முனையும் கூம்பிய, துடுப்பால் செலுத்தும் மெலிந்த படகு. இந்த வழியில் ஓடியது பிர்ச் மரப்பட்டையால் ஆனது. பட்டையின் தடிப்பு அரை சென்டிமீட்டர் போலத்தான் இருக்கும். உள்ளே சீடார் மரச் சிம்புகளும் வளைந்த விலாச் சட்டங்களும். பட்டைகளை ஒன்றோடொன்று தைக்கும் நூல், பிளந்து ஊறவைத்த ஸ்புரூஸ் மர வேர். இதை வட்டாப் என்பார்கள். ஆணி கிடையாது. தையல் வழியே நீர் கசியாமல் ஸ்புரூஸ் பிசினைக் கொழுப்போடும் கரித்தூளோடும் காய்ச்சிப் பூசுவார்கள். வேரைப் பிளப்பது, தைப்பது, பிசின் பூசுவது எல்லாம் பெரும்பாலும் பூர்வகுடிப் பெண்களின் கைவேலை.

பிசினில் பக்குவம் தவறினால் பயணம் நின்றுவிடும். கொழுப்பு குறைந்தால் குளிர்ந்த நீரில் பூச்சு விரிசல் விடும். கூடினால் வெயிலில் இளகி வழியும். அதனால் மாலையில் கரை சேர்ந்ததும் முதல் வேலை படகைக் கவிழ்த்து, தீக்கொள்ளியைத் தையல் மேல் காட்டிப் பூச்சைச் சரிசெய்வது. கவிழ்த்த படகே இரவுக் கூரையும் ஆகும்.

கனத்த சரக்கு நேரடியாகப் பட்டையில் அழுந்தினால் அடி கிழிந்துவிடும். ஆகவே அடியில் நீளவாக்கில் நாலு கழிகளைப் பரப்பி, அதன்மேல்தான் ஏற்றுவார்கள். கரையில் மோதவிடவும் கூடாது. ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் குதித்து, படகு மிதந்தபடியே இருக்க, சரக்கை இறக்கிக் கரை சேர்ப்பார்கள். மே மாத ஒட்டாவா ஆற்றுத் தண்ணீர் பனி உருகிய தண்ணீர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

எடை குறைவு, காட்டிலேயே பழுது பார்க்கலாம், வேண்டிய பொருளெல்லாம் கரையோரத்தில் முளைத்து நிற்கும். இந்த மூன்றும் சேர்ந்த வண்டி ஐரோப்பியரிடம் இல்லை.

## பெரிய படகு, சின்னப் படகு, நடுவே ஒரு கிடங்கு

சென்னைக்கு வெளியூரிலிருந்து வரும் பெரிய லாரி, சந்துக்குள் இருக்கும் கடை வாசலுக்குப் போகாது. ஊருக்கு வெளியே கிடங்கில் சரக்கை இறக்கிவிட்டு, அங்கே தயாராக இருக்கும் லோடை ஏற்றிக்கொண்டு திரும்பிவிடும். சந்துக்குள் போவது குட்டி யானை. ஃபர் வணிகமும் இதே கணக்கில்தான் நடந்தது. கிராண்ட் போர்ட்டேஜ்தான் அந்தக் கிடங்கு.

மாண்ட்ரியாலிலிருந்து வருவது ‘மாண்ட்ரியால் கேனோ’: நீளம் 36 அடி, படகின் எடை மட்டும் சுமார் 270 கிலோ, எட்டு முதல் பன்னிரண்டு ஆட்கள். பெரிய ஏரிகளின் அலைக்கு இந்த அளவு தேவை. மேற்கே ஒடுங்கிய ஆறுகளில் இது திரும்பவே திரும்பாது. அங்கே 25 அடி ‘வட கேனோ’, ஐந்தாறு ஆட்கள், பாதி எடை, பாதிச் சரக்கு.

கூலிக்கு ஒப்பந்தம் போட்டுப் படகு ஓட்டியவர்களுக்கு வொயாஜர் என்று பெயர். பெரும்பாலும் கியூபெக் கிராமத்து ஆட்கள். இவர்களை ‘கூரேர் தெ புவா’ என்பவர்களோடு குழப்பிவிடுகிறார்கள். அந்த இரண்டாமவர், பிரெஞ்சு ஆட்சியில் உரிமம் இல்லாமல் காட்டுக்குள் போய்ச் சொந்தமாக வியாபாரம் செய்தவர். வொயாஜர் இன்னொருவர் சரக்கைச் சுமந்த கூலியாள். வொயாஜர்களிலும் இரண்டு வகை. மாண்ட்ரியாலிலிருந்து வந்து அதே கோடையில் திரும்புகிறவர்களை ‘பன்றிக்கொழுப்புத் தின்னிகள்’ என்று கேலி செய்வார்கள். மேற்கேயே பனிக்காலத்தைக் கழிப்பவர்கள் ‘இவெர்னான்’, குளிர்காலத்தார். கேலி செய்தது இவர்கள்தான்.

நாட்காட்டியோடு பொருத்திப் பார்க்கலாம். மே தொடக்கத்தில் பனி உடைந்ததும் லஷீனில் புறப்பாடு. ஜூன் கடைசி அல்லது ஜூலை தொடக்கத்தில் கிராண்ட் போர்ட்டேஜ். அதே நேரத்தில் மேற்கிலிருந்து தோல் வந்து சேரும். சரக்கு மாற்றம், கணக்கு வழக்கு, பங்குதாரர் கூட்டம், கூத்து எல்லாம் ஜூலையில். பிறகு இரு சாராரும் வந்த வழியே திரும்பி, ஆறு உறைவதற்குள் வீடு சேர்வார்கள். அதபாஸ்காக்காரர்களுக்கு இந்த நேரமும் போதாது. அவர்கள் ஏரியில் பனி விலகுவதே தாமதம். கிராண்ட் போர்ட்டேஜ் வரை வந்தால் திரும்பிப் போக நாள் இருக்காது. அவர்களுக்காக ரெய்னி ஏரியில் தனிக் கிடங்கு வைத்து, சரக்கை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

சுருக்கமாக: முழு வழியையும் ஒரே படகு, ஒரே ஆட்கள் ஒரே கோடையில் போய் வரவில்லை. நடுவில் கைமாற்றினார்கள், கைமாற்றும் இடத்தை முடிவுசெய்தது பனி.

## ஏற்றியது என்ன?

சரக்கை எண்ணும் அலகு சிப்பம். ஒரு சிப்பம் 90 பவுண்டு, அதாவது சுமார் 41 கிலோ. துணி, கம்பளி, கெட்டில், துப்பாக்கி, வெடிமருந்து, புகையிலை, ரம் எல்லாம் இந்த எடைக்கே கட்டப்பட்டன. தோலையும் அழுத்தி இதே எடைக்குக் கட்டுவார்கள்.

1789இல் ஆர்க்டிக் கடலுக்கும் 1793இல் பசிபிக் கடலுக்கும் போய்ச் சேர்ந்த அலெக்சாண்டர் மெக்கன்சி, ஒரு மாண்ட்ரியால் கேனோவின் சுமையைப் பட்டியலிட்டிருக்கிறார்: 65 சிப்பம் சரக்கு; ஆட்களுக்குச் சுமார் 600 பவுண்டு பிஸ்கட், 200 பவுண்டு பன்றி இறைச்சி, மூன்று புஷல் பட்டாணி; சரக்கை மூட இரண்டு எண்ணெய்த் துணி, காற்றுக்கு விரிக்க ஒரு பாய், கோடாரி, இழுவைக் கயிறு, கெட்டில், தண்ணீர் இறைக்க ஸ்பாஞ்சு; பழுதுபார்க்கப் பிசின், பட்டை, வட்டாப். இத்தனையும் ஏற்றினால் படகின் விளிம்பு தண்ணீருக்கு மேலே ஆறு அங்குலம்தான் நிற்கும்.

ஆறு அங்குலம் என்றால் சுப்பீரியர் ஏரியில் காற்று கொஞ்சம் எழும்பினாலும் ஆபத்து. அதனால் விடியலுக்கு வெகு முன்பே புறப்பட்டு, காற்று வலுக்கும் முன் தூரத்தைப் பிடிப்பார்கள். காற்று அடங்கும்வரை கரையில் நாட்கணக்கில் முடங்கிக் கிடப்பதும் உண்டு. பாய் இருந்தாலும், படகின் அடியில் முதுகெலும்புக் கட்டை இல்லாததால் பின்காற்றுக்கு மட்டுமே அது உதவும். மணிக்கொரு முறை துடுப்பை நிறுத்திப் புகைபிடிக்க ஓய்வு. ஏரியின் நீளத்தையே ‘இத்தனை பைப்’ என்று சொல்லும் அளவுக்கு அது வழக்கமாயிற்று.

## போர்ட்டேஜ்: உண்மையான வேலை

நீர்ச்சரிவு, அருவி, நீர்பிரி மேடு வரும்போது படகையும் சரக்கையும் தரைவழியே சுமந்து கடக்கும் பாதைக்குப் போர்ட்டேஜ் என்று பெயர். நீரோட்டம் ஓரளவு கடுமை என்றால் முழுச் சுமையையும் இறக்கத் தேவையில்லை. கொஞ்சம் சரக்கை இறக்கிவிட்டுக் கரையிலிருந்து கயிற்றால் இழுப்பார்கள். ஆழம் குறைவென்றால் கழி ஊன்றித் தள்ளுவார்கள். இறங்கு நீரில் சிலர் துணிந்து ஓட்டிவிடுவார்கள். கரையோரம் நட்ட மரச் சிலுவைகள், அப்படித் துணிந்து மூழ்கியவர்களுக்கானவை.

சுமக்கும் கருவி ஒரு தோல்பட்டை. அதன் அகன்ற நடுப்பகுதி நெற்றியில், இரு வால்களும் முதுகுச் சிப்பத்தைக் கட்டியிருக்கும். முதல் சிப்பம் இடுப்புக்கு மேலே, இரண்டாவது அதன்மேல், தோள்பட்டைகளுக்கு நடுவே. மொத்தம் 82 கிலோ. ஆள் முன்னால் குனிந்து, நடையும் ஓட்டமுமாகப் போவார். குடலிறக்கம் இந்தத் தொழிலின் சாதாரண நோய்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் இதன் கனம் விளங்கும். 65 சிப்பமும் உணவும் சேர்ந்தால் ஏறக்குறைய 76 சுமை. பத்துப் பேர், ஆளுக்கு இரண்டு. நாலு நடை ஆகும். நாலு முறை சுமையோடு போய், மூன்று முறை வெறுங்கையோடு திரும்பவேண்டும். ஆக ஒரு கிலோமீட்டர் போர்ட்டேஜ் என்றால் ஆளுக்கு ஏழு கிலோமீட்டர் நடை. படகைத் தூக்குவது தனி. மாண்ட்ரியால் கேனோவுக்கு நாலு ஆள்.

நீண்ட போர்ட்டேஜில் ஒரே மூச்சாகக் கடைசிவரை போகமாட்டார்கள். சில நூறு கஜத்துக்கு ஒரு ‘போஸ்’, அதாவது சுமை இறக்கும் இடம். எல்லாச் சிப்பமும் முதல் போஸுக்கு வந்து சேர்ந்தபிறகே அடுத்ததற்கு நகர்த்துவார்கள். திரும்பி நடப்பதே ஓய்வாகிவிடும். சரக்கும் சிதறாமல் கண்பார்வையில் இருக்கும்.

கிராண்ட் போர்ட்டேஜ் இவற்றில் பேர்பெற்றது. பிஜன் ஆற்றின் கடைசிப் பகுதி அருவியும் பாறையுமாகக் கிடப்பதால் அதைச் சுற்றிப் போகும் சுமார் 13.7 கிலோமீட்டர் ஏற்றப் பாதை. பன்றிக்கொழுப்புத் தின்னிகள் ஒவ்வொருவரும் எட்டுச் சிப்பத்தை இதன்வழி கடத்தவேண்டும் என்பது ஒப்பந்தம். அதற்கு மேல் தூக்கினால் சிப்பத்துக்கு ஒரு ஸ்பானிய டாலர். இரண்டு சிப்பத்தோடு போய், வேறு இரண்டோடு ஆறு மணி நேரத்தில் திரும்பியவர்களைத் தமக்குத் தெரியும் என்கிறார் மெக்கன்சி.

வடக்கே மெத்தி போர்ட்டேஜ் இன்னும் நீளம், சுமார் 19 கிலோமீட்டர், கிளியர்வாட்டர் பக்கம் செங்குத்தான இறக்கம். 1778இல் உள்ளூர் வழிகாட்டிகளோடு பீட்டர் பாண்ட் என்ற தோல் வணிகர் இதைக் கடந்த பிறகுதான் அதபாஸ்காவின் தரமான தோல் மாண்ட்ரியாலுக்கு வர ஆரம்பித்தது.

## சோறு இல்லாமல் படகு நகராது

நாள் முழுக்கத் துடுப்புப் போடும் ஆட்களுக்கு வேட்டையாட நேரமில்லை. உணவை ஏற்றினால் சரக்குக்கு இடம் குறையும். இந்தச் சிக்கலைத் தீர்த்தது இரண்டு உணவுகள்.

ஏரிகளில் சோளம். காரநீரில் வேகவைத்துத் தோல் நீக்கிக் காயவைத்தது. ஒரு குவார்ட் சோளம், ஒரு கேலன் தண்ணீர், இரண்டு அவுன்ஸ் கொழுப்பு. ஓர் ஆளுக்கு ஒரு நாள். சூ செயின்ட் மேரி பக்கத்தில் இதை ஏற்றிக்கொள்வார்கள்.

மேற்கே பெமிக்கன். காட்டெருமை இறைச்சியை உலர்த்தி இடித்து, உருக்கிய கொழுப்பைக் கலந்து, சில சமயம் காட்டுப் பழமும் சேர்த்துத் தோல்பையில் இறுக்கியது. பை ஒன்று 90 பவுண்டு, ஆக அதுவும் ஒரு சிப்பம்தான். கெடாது, சமைக்கவும் வேண்டாம். சமவெளிப் பூர்வகுடியினரும், ஐரோப்பியருக்கும் பூர்வகுடிப் பெண்களுக்கும் பிறந்த வழியினரான மேட்டி மக்களும் இதைத் தயாரித்து விற்றார்கள்.

வழியின் உயிர்நாடி உணவுதான் என்பது 1814இல் வெளிப்பட்டது. இன்றைய வின்னிபெக் நகர்ப் பக்கம் இருந்த ரெட் ஆற்றுக் குடியேற்றத்தின் ஆளுநர் மைல்ஸ் மெக்டொனெல், தம் மக்கள் பசிக்கு வேண்டும் என்று பெமிக்கனை வெளியே கொண்டுபோகத் தடை போட்டார். மாண்ட்ரியால் வணிகர்களின் நார்த் வெஸ்ட் கம்பெனிக்கு அது அதபாஸ்காப் படகுகளைக் கட்டிப்போட்டதற்குச் சமம். பகை முற்றி 1816இல் செவன் ஓக்ஸ் என்ற இடத்தில் நடந்த மோதலில் 20க்கு மேற்பட்டோர் செத்தார்கள்.

இதுவரை பார்த்ததில் நினைவில் வைக்கவேண்டியவை: கைமாற்றும் கிடங்கு, 90 பவுண்டு சிப்பம், போர்ட்டேஜ், நடுவழி உணவு. இவற்றில் ஒன்று அறுந்தாலும் அந்த ஆண்டுத் தோல் வந்து சேராது.

## ஏன் நின்றது?

படகு மெதுவாகப் போனதால் அல்ல, பணம் மெதுவாகத் திரும்பியதால். அக்டோபரில் லண்டனுக்கு ஆர்டர் போனால், மார்ச்சில் கப்பல் ஏறும் சரக்கு கோடையில் கனடா வரும். குளிர்காலத்தில் சிப்பம் கட்டி, அடுத்த மே மாதம் லஷீனில் ஏற்றி, அந்தக் குளிர்காலத்தில் தோலுக்கு மாற்றி, அதற்கடுத்த இலையுதிர் காலத்தில் மாண்ட்ரியால் சேர்த்து, மறுபடி லண்டன் அனுப்பி விற்கவேண்டும். ஆர்டர் கொடுத்து 42 மாதம் கழித்துத்தான் காசு கைக்கு வரும் என்று மெக்கன்சி கணக்குச் சொல்கிறார். மூன்றரை ஆண்டு வட்டி.

எதிரியான ஹட்சன் பே கம்பெனிக்கு இந்தச் சுமை இல்லை. 1670இல் அரச பட்டயம் பெற்ற அது, கப்பலை நேரே ஹட்சன் விரிகுடாவில் யார்க் ஃபேக்டரி என்ற தன் வணிக நிலையத்துக்கே கொண்டுவந்தது. கடல் அங்கே கண்டத்தின் நடுவயிறு வரை புகுந்திருக்கிறது. இரு கம்பெனிகளும் அடித்துக்கொண்டு நொடித்துப்போய் 1821இல் ஒன்றாக இணைந்தபோது, எந்த வழி பிழைக்கும் என்பதில் சந்தேகமே எழவில்லை. சரக்கு யார்க் ஃபேக்டரி வழியாக, பலகையால் செய்த கனத்த யார்க் படகுகளில் போக ஆரம்பித்தது. தோளில் தூக்க முடியாத அந்தப் படகுகளைப் போர்ட்டேஜில் உருளைக் கட்டைகள் மேல் இழுத்தார்கள். மாண்ட்ரியால் வழியில் அதன்பின் போனது பெரும்பாலும் கடிதப் பையும் கம்பெனி அதிகாரிகளும்தான்.

## எல்லைக்கோடாக மாறிய தடம்

அமெரிக்க விடுதலைப் போரை முடித்த 1783 ஒப்பந்தப்படி கிராண்ட் போர்ட்டேஜ் அமெரிக்கப் பக்கம் விழுந்துவிட்டது. வரி கேட்பார்களோ என்ற பயத்தில் நார்த் வெஸ்ட் கம்பெனி 1803இல் தன் கிடங்கைக் கமினிஸ்டிக்வியா ஆற்றின் வாய்க்கு மாற்றியது. இன்றைய தண்டர் பே நகரில் இருந்த வில்லியம் கோட்டை அதுதான். 1842இல் வெப்ஸ்டர்–ஆஷ்பர்ட்டன் ஒப்பந்தம் இன்றைய மினசோட்டாவுக்கும் ஒன்டாரியோவுக்கும் நடுவே கோடு கிழித்தபோது, பிஜன் ஆற்றிலிருந்து லேக் ஆஃப் தி வுட்ஸ் வரை பழைய படகுத் தடத்தையே எல்லையாக எடுத்துக்கொண்டது. அந்த வழியின் நீர்ப்பாதைகளும் போர்ட்டேஜ்களும், கிராண்ட் போர்ட்டேஜ் உட்பட, இரு நாட்டுக் குடிமக்களுக்கும் திறந்தே இருக்கவேண்டும் என்று அதன் இரண்டாவது பிரிவில் எழுதியிருக்கிறது.